இறகுச்சாய இலக்கணம்

பாயிரம்

முப்பத்துமூன்று வருடம் நன்னூல் நடத்தியவன் ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்வான்? வகுப்பெடுக்கப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் வகுப்பான். முதலில் வீட்டுத் தேங்காய்களை வகுத்தேன். அடுத்து, காலையில் நடக்கப் போகும் வழியில் குரைக்கும் நாய்களை வகுத்தேன். இரண்டிலும் ஒரு நூலுக்கான சரக்கு இல்லை. மூன்றாவதாக வந்து வாய்த்தது சேவல் இறகு.

நூல் என்றால் பாயிரம் வேண்டும். ஆக்கியோன், நான். வழி, முதல்நூல்; பார்த்தெழுத எனக்கு எதுவும் அகப்படவில்லை. எல்லை, ஒருபுறம் ஆரல்வாய்மொழிக் கணவாய், மறுபுறம் மணக்குடிக் கடலில் நீந்தும் கணவாய், இடையே தோவாளையில் எங்கள் அடுக்களையும் அடுத்த வீட்டு மதிலும். யாப்பு, தையல் நூலால். நுதலிய பொருள், இறகுக்கும் பிற இழைகளுக்கும் வீட்டிலேயே சாயம் ஏற்றித் தூண்டில் முள்ளில் கட்டி மீனை ஏமாற்றுதல். கேட்போர், ஒருவர். களம், புறவாசல் விறகடுப்பு; முதலில் அடுக்களையாக இருந்தது, சட்டியியலில் சொல்லப்படும் காரணத்தால் மாற்றப்பட்டது. காலம், ஆடி மாதம். அது எவ்வளவு பெரிய பிழை என்பது அயலியலில் விளங்கும். பயனை ஒழிபில் காண்க.

காரணம் மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மாமன் சொத்து மருமகனுக்குப் போகும் வழக்கம் இருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி அதைக் கேலிசெய்து ஒரு மான்மியமே பாடினார்; திருவிதாங்கூர் அரசு 1926-ல் சட்டம் போட்டு வழக்கத்தை மாற்றியது. என் விஷயத்தில் ஆறு திரும்பி மேட்டுக்கு ஓடியது. மருமகனிடமிருந்து மாமனுக்கு வந்து சேர்ந்தது ஒரு தகரப்பெட்டி: நூல்கண்டு, சின்ன இடுக்கி, கொக்கி வளைவுகள், ஒரு கைப்பிடி நிறநிற இறகு. தங்கை மகன் ஸ்காட்லாந்தில் எண்ணெய்க் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் முழங்கால் அளவு குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு மீன் பிடிக்கிறான், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறான். இதைக் கேட்ட அன்று என் வீட்டுக்காரி அவனுக்காக நாகராஜா கோவிலில் பால் ஊற்ற நேர்ந்துகொண்டாள்.

அவன் தூண்டிலில் புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டி, ஈ போலவோ புழு போலவோ குஞ்சுமீன் போலவோ ஆக்கி வீசுவது. இதற்கு நம்மிடம் நிலைத்த பெயர் இல்லாததால் பொய்யிரை என்று குறியீடு செய்துகொள்கிறேன். எதிர்வீட்டுப் பையன்கள் கோழிப்பூடைத் தூண்டி என்கிறார்கள். அது ஆட்சியில்லாத பெயர் என்று தள்ளப்பட்டது.

மருமகன் ஊருக்கு வந்த ஆடியில் சொன்னான்: “மாமா, அங்க சாயம் போட்ட கழுத்திறகு யானைவெலை. இங்க சேவல் இருக்கு, மஞ்சள் இருக்கு, ஒங்களுக்குப் பொழுதும் இருக்கு.” கடைசிச் சொற்றொடர் தைத்தது. நூல் பிறந்தது.

முன்னோர் யாரும் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1496-ல் அச்சான தூண்டில் நூல் ஒன்று, ஒரு கன்னிகாஸ்திரீ எழுதியதாகச் சொல்லப்படுவது, பன்னிரண்டு பொய்யிரைகளை வகுத்ததோடு, தூண்டில் கயிறாகும் குதிரைமயிருக்குப் படிகாரமும் ஏல் என்ற பீரும் சேர்த்துச் சாயம் ஏற்றும் முறையையும் சொல்கிறது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றித் தடித்த புத்தகம் போட்டார். 1895-ல் ஜார்ஜ் கெல்சன் சால்மன் மீனுக்கான பொய்யிரைகளை மட்டும் நூற்றுக்கணக்கில் வகைபிரித்து, எந்தப் பறவையின் எந்த இறகு எந்த இடத்தில் வரவேண்டும் என்று தொல்காப்பியருக்கும் பொறுமை போதாத அளவில் விதி செய்தார். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் டிரௌட் மீன் குஞ்சுபொரிக்க ஏற்பாடு ஆனதிலிருந்து தமிழ்நாட்டிலும் இந்த வித்தைக்கு ஒரு மூலை உண்டு. நாஞ்சில் நாட்டில் டிரௌட் கிடையாது. சிலேபி உண்டு. இலக்கணம் எழுதுகிறவன் இருப்பதைக் கொண்டுதான் எழுத முடியும்.

இறகியல்

இறகு இரண்டு வகை: தொடலாவன, தொடலாகாதன.

தொடலாகாதவற்றை முதலில் சொல்வது முறை. ஆசை அங்கேதான் போகிறது. கீரிப்பாறை, மாறாமலைப் பக்கத்துக் காடுகளில் விடிகாலையில் விட்டுவிட்டுக் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகுத் துளி விழுந்து உறைந்தாற்போல் வெள்ளையும் பொன்னிறமுமாகப் புள்ளிகள் இருக்கும். சாயத்தால் அதைச் செய்ய முடியாது. இறகின் தண்டே அந்த இடத்தில் தகடாகிப் பளபளக்கிறது. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா பெயரைச் சுமக்கும் இந்தப் பறவையின் கழுத்துத்தோல் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. ஜாக் ஸ்காட் என்னும் பேர்பெற்ற சால்மன் பொய்யிரையின் இரு விலாவிலும் இருப்பது இந்த இறகுதான். நம் மலையில் கூவவேண்டிய சேவல் ஸ்காட்லாந்து ஆற்றில் விலாவாகப் போய் அமர்ந்த கதை இது. பறவைத்தோல், இறகு ஏற்றுமதிக்கு 1902-லேயே அரசு தடை போட்டது; 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கதவை நன்றாக அடைத்தது. இப்போது அங்கே கூண்டில் வளர்த்த பறவைகளிலிருந்து எடுக்கிறார்கள்.

மயில் பாதி தொடலாவது. தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. மருமகன் பெட்டிக்குள் நான்கு தோகைக்கண்ணைச் செருகப் பார்த்தபோது இதைச் சொல்லித் தடுத்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் இறகாசை எவ்வளவு தூரம் போகும் என்று விளங்கியது. அவனேதான் சொன்னான்: 2009 ஜூன் மாதம் இங்கிலாந்தில் டிரிங் அருங்காட்சியகத்தில் ஒரு புல்லாங்குழல் மாணவன் சன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத்தோல்களைப் பெட்டியில் அள்ளிப் போய்விட்டானாம். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. எல்லாம் சால்மன் பொய்யிரை கட்டுகிற பித்துக்காக. நாட்டுக்கோழி இறகைச் சட்டியில் போட்டு நிறமேற்றுகிறவனை ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும், அவன் சன்னல் ஏறுவதில்லை.

சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் கூழைக்கடாவும் வண்ண நாரையும் உதிர்த்துப் போகும் இறகுகள் கரையில் கிடக்கும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளங்கள். கிடக்கட்டும்.

இனித் தொடலாவன. இவற்றுள் தலையாயது கொடைச் சேவல். மாடனுக்கும் இசக்கிக்கும் கொடை வரும்போது சேவல்கள் ஒரே நாளில் விழுகின்றன. கறி பங்காகிறது, இறகை யாரும் கேட்பதில்லை. 2003-ல் அரசு 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, மறு வருடமே கைவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வருடம் நான் இந்தத் துறைக்கு வராதது நல்லதாய்ப் போயிற்று. கொடைச் சேவலில் ஒரு குறை உண்டு. நேர்ச்சைக்காரர்கள் தேடிப் பிடிப்பது கருப்பும் சிவப்பும். சாயக்காரன் தேடுவது வெள்ளை. கருப்பு இறகில் மெலனின் என்னும் நிறமி கிடக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டால் வெளுக்கும், ஆனால் பனங்கருப்பட்டி நிறத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. செவலை இறகின்மேல் மஞ்சளோ பச்சையோ ஏற்றினால் இரண்டும் கலந்து பாசி நிறமாக வரும். அதை மருமகன் ஆலிவ் என்று சொல்லி மெச்சுகிறான். எனக்கு அது புழுங்கின முருங்கையிலை.

சந்தைச் சேவல் அடுத்த இடம். வடசேரி கனகமூலம் சந்தையில் வெள்ளைச் சேவல் எப்போதாவது வரும். விலை பேசும்போது இறகுக்காக என்று மறந்தும் வாயைத் திறக்கக்கூடாது. பிராய்லர் இந்த இலக்கணத்தில் சேராது. ஆறு வாரத்தில் கதை முடிகிற உயிருக்கு வீசி நீண்ட கழுத்திறகு எங்கிருந்து வரும்?

அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியிருக்கும் பூடையைக் கேட்டு வாங்கலாம். நீரில் மிதக்க வேண்டிய பொய்யிரைக்கு அது அமிர்தம் என்கிறான் மருமகன். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சாயம் ஏற்றினால் மிதக்கும் குணம் குறைகிறது. நிறம் வேண்டுமா, மிதப்பு வேண்டுமா என்று இறகே கேட்கும்.

இயற்கையிலேயே சாயத்துக்கு அடங்காத இன்னொரு வகை உண்டு. மயிலின் நீலத்தையோ பனங்காடையின் இறக்கை நீலத்தையோ வேகவைத்துப் பிழிந்தால் நீலச்சாறு வராது. அங்கே நீலச் சாயமே இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதில் பிறக்கும் நிறம் அது. ராபர்ட் ஹூக் 1665-ல் மயிலிறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நனைத்தால் நிறம் மறைவதைக் குறித்தார். நம் சி. வி. ராமன் 1934-ல் பறவை இறகின் நிறம் பற்றிக் கட்டுரை எழுதினார், எடுத்துக்கொண்டது பனங்காடையை. நோபல் வாங்கின கை இறகு பிடித்ததை வீட்டுக்காரியிடம் எடுத்துச் சொன்னேன். “அவரு வீட்டுச் சருவத்துலயா வேக வச்சாரு?” என்றாள். இந்த வினாவுக்கு உரையாசிரியர் எவரும் விடை சொல்லவில்லை.

இழையியல் என்று ஒன்று தனியே வேண்டியது, சுருக்கமாகப் போகட்டும். இறகும் மயிரும் புரத இழை. வாழைநாரும் தென்னந்தும்பும் இலவம்பஞ்சும் தழை இழை. புளிப்புச் சேர்த்தால் சாயம் பிடிப்பது முதல்வகை. இரண்டாம் வகைக்குக் கடுக்காய் போன்ற துவர்ப்பு முன்னால் ஏறவேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டவன் நான். ஆட்டுமயிர் செக்கச் சிவந்தது. வாழைநார் மணப்பெண் வீட்டில் பந்திக்குப் பிந்தி வந்தவன்போல் வெறுமனே நின்றது. கடற்கரையில் இந்தத் துவர்ப்பறிவு பழையது. நைலான் வருவதற்கு முன் பருத்தி நூல் வலை உப்பில் மக்காமல் இருக்கப் புளியங்கொட்டைத் தோல், பனிச்சங்காய் இவற்றின் சாற்றில் முக்கி எடுப்பார்கள். இம்மாவட்டத்தில் மீன்பிடிக் கருவிக்குச் சாயம் போட்ட முதல் ஆள் நான் இல்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சட்டியியல்

சாயத்தின் நிறத்தைப் பாதி தீர்மானிப்பது பாத்திரம். எனாமல் பாத்திரம் எதிலும் தலையிடாது, நல்ல அயல்வீட்டுக்காரர்போல. அலுமினியச் சருவம் லேசாகத் தலையிடும். செம்பு நிறத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும். இரும்பு எதையும் இருட்டாக்கும். மண்சட்டி சாயத்தைத் தானே குடித்துவிட்டு, அடுத்த வாரம் புளிக்கறி வைக்கும்போது கக்கும். இந்தக் கடைசி விதி அனுபவத்தால் கண்டது. களம் அடுக்களையிலிருந்து புறவாசலுக்கு மாறியதும் அன்றைக்கே.

இனிச் செய்முறை. இறகில் பறவையின் எண்ணெய் இருக்கிறது. அது போகாமல் சாயம் ஏறாது. பூந்திக்கொட்டையோ பாத்திரம் துலக்கும் திரவமோ போட்டு வெதுவெதுப்பான நீரில் இரண்டு தடவை அலசி, இரவு முழுக்கச் சுத்தமான நீரில் ஊற வைக்கவேண்டும். ஊறாத இறகு சட்டியில் மிதந்துகொண்டு மேலே வெள்ளை, கீழே மஞ்சள் என்று இரண்டு கட்சியாகும். சாயநீரில் புளிப்பு வேண்டும். வினாகிரி நல்லது, புளிஞ்சிக்காய்ச் சாறும் கேட்கும். புளிப்பில் இறகின் புரதம் நேர்மின்னூட்டம் கொள்ள, எதிர்மின்னூட்டமுள்ள சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது என்று எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் விளக்கினார். வேற்றுமைப் புணர்ச்சி என்று நான் குறித்துக்கொண்டேன்.

சூடுதான் உயிர்நிலை. கொதித்தால் இறகு சுருண்டு உடைந்து கருகின கற்பூரவல்லி இலைபோல் ஆகிவிடும். அறுபதிலிருந்து எழுபது டிகிரி போதும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஓர் அளவு தருகிறேன்: பக்கத்து அடுப்பில் பால் வைத்து, அதில் ஆடை கட்டத் தொடங்கும் பதம். அரைமணி முதல் ஒருமணி நேரம் அந்தப் பதத்தில் நிறுத்தி, அப்படியே சட்டியோடு ஆறவிட்டு, பிறகே எடுக்கவேண்டும். இந்த ஆறவிடுதலில்தான் பொறுமையற்றவர்கள் தோற்கிறார்கள். பால் பொங்கிப்போவதும் இந்த நேரத்தில்தான்.

நாற்றம் பற்றி ஒரு நூற்பா தனியே தேவை. “கோழிய வேக வச்சா மணக்கும், பூடைய வேக வச்சா இப்பிடியா நாறும்? இஞ்ச பாருங்க, அந்தச் சருவம் இனி எனக்கு வேண்டாம். அதையும் எடுத்துக்கிட்டு நீங்களும் பொறவாசல்ல இருங்க.” இதற்கு உரை வேண்டாம்.

நிறவியல்

நிறம் மூன்று: கருதிய நிறம், வந்த நிறம், மருமகனிடம் சொல்லும் நிறம். சாய நூல்களின் மயக்கம் எல்லாம் இம்மூன்றையும் ஒன்றென்று கொள்வதால் வருவது.

மஞ்சள் கைராசிக்காரி. படிகாரம்கூட இல்லாமல் இறகைப் பிடித்துக்கொள்வாள். வெயிலில் இரண்டு நாள் வைத்தால் வந்த வழியே போய்விடுவாள். தோவாளைப் பூச்சந்தையில் ஏலம் போகாமல் குவிந்து கிடக்கும் கேந்திப்பூவைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து படிகாரத்தோடு வேகவைத்தால் வரும் மஞ்சள் கொஞ்சம் நிலைத்தது, காசும் செலவில்லை. வெங்காயச் சருகு பொன்னிறத்துக்கும் தவிட்டு நிறத்துக்கும் நடுவே மட்டிப்பழம் கனிந்து கறுக்கத் தொடங்கும் நிலையைத் தரும். மாதுளைத் தோலும் கடுக்காயும் அழுக்கு மஞ்சள்; அதே சட்டியில் அன்னபேதி ஒரு சிட்டிகை விழுந்தால் கருப்பு. பழைய காலத்து எழுத்து மை இந்த இரண்டால் ஆனதுதான். நீலத்துக்கு அவுரி. காரநீரில் பச்சை மஞ்சளாக இருந்து, வெளியே எடுத்தால் காற்றுப்பட்டுக் கண்முன்னே நீலமாகும். ஆனால் காரம் இறகைத் தின்னும், முக்கிய கையோடு எடுக்கவேண்டும்.

என்னைப் பாடாய்ப்படுத்தியது சிவப்பு. மருமகன் கேட்டது கிளாரெட். அது ஏதோ ஒயினின் நிறமாம். எனக்குத் தெரிந்த சிவப்பு ஆலத்தி. மஞ்சள்நீரில் சுண்ணாம்பு போட்டால் குங்குமமாக மாறுவது பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படியே செய்தேன். இறகு ரத்தச் சிவப்பு. இனி நிலைக்கட்டும் என்று நூல் விதிப்படி வினாகிரியில் முக்கினேன், மறுநொடி மஞ்சள். மறுபடி சுண்ணாம்பு, சிவப்பு. மறுபடி புளிப்பு, மஞ்சள். நாலு தரம் ஆனபிறகுதான் உறைத்தது: இந்தச் சிவப்பு சுண்ணாம்பின் தயவில் நிற்பது, புளிப்பில் தங்காது.

அடுத்துப் பதிமுகம். தண்ணீரில் போட்டுக் குடித்தால் இளஞ்சிவப்பாக வருமே, அந்தக் கட்டை. காய்ச்சினேன். அழகான சிவப்பு. வினாகிரி ஊற்றினேன். மஞ்சள். என் வாழ்நாளில் இரண்டு தாவரங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரை இப்படி அவமதித்தது கிடையாது. படிகாரம் போட்டுப் புளிப்பில்லாமல் ஏற்றினால் பதிமுகம் சிவப்பாக நிற்கும் என்பது பிறகு தெரிந்தது.

கடைசியில் வீட்டுக்காரி மளிகைக்கடையிலிருந்து ஒரு சின்னக் கேசரிப் பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து திண்ணையில் எறிந்தாள். சாப்பாட்டு நிறங்களில் பல, புளிப்பில் புரதத்தோடு ஒட்டும் வகைச் சாயங்கள். அரை ஸ்பூன் பொடி, இரண்டு கரண்டி வினாகிரி, பாலாடைப் பதம். இருபது நிமிடத்தில் சட்டிநீர் தெளிந்துவிட்டது. நிறம் முழுதும் இறகுக்குள். அமெரிக்காவில் இதையே சர்பத்துப் பொடியால் செய்கிறார்களாம். பழைய காலத்தில் மஞ்சளுக்குப் பிக்ரிக் அமிலம் போட்டவர்கள் உண்டு. அது காய்ந்தால் வெடிக்கும் பண்டம், வெடிகுண்டில் அடைத்தது. மீன் பிடிக்கக் கேசரியோடு நின்றுகொள்வது நல்லது.

நிறப்பெயர் விஷயத்தில் மருமகனும் நானும் உடன்படிக்கைக்கு வந்தோம். அவனுடைய ஆம்பர் என் அக்கானி காய்ந்த கருப்பட்டிப் பாகு. அவனுடைய ரஸ்டி பிரௌன் தீயல். அவனுடைய கிளாரெட் செந்துளுவன் பழத்தோல். டன் என்று ஒன்றைச் சொன்னான், அதற்கு மட்டும் சொல் அகப்படவில்லை. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. மழைக்கு முன் தாடகைமலை உச்சி இருக்கிற மாதிரி. அந்த நிறத்தில் இயற்கையாகக் கிடைக்கும் சேவல் அரிதாம். வேண்டியிருப்பதில் முக்கால்வாசியும் அதுதானாம்.

அயலியல்

காயவைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கவேண்டும் என்று நானே எழுதிவைத்த விதி. ஆடி மாதம் தோவாளையில் காற்றோட்டம் என்றால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. கணவாய் வழியாக மூச்சுவிடாமல் வரும். தலையணை உறையில் இறகை இட்டு வாய்கட்டி அசையில் தொங்கவிட்டிருந்தேன். கட்டியது வாழைநாரால்.

காலையில் அடுத்த வீட்டு முற்றத்தில் இருந்தவை: ஆலத்தி நிறத்தில் சேவல் கழுத்திறகு எண்ணற்றவை, மஞ்சளும் சுண்ணாம்பும் பட்ட ஒரு துணி, கறுப்பு நூலில் கட்டின இறகுச் சிண்டு ஒன்று, உள்ளே வளைந்த முள்ளோடு. இவற்றை வரிசையாகப் படிக்கிறவர்களுக்கே விளங்கும். அந்த வீட்டு மைனி வாசலில் நின்று போட்ட கூச்சலில், செய்வினை, ஏவல், காத்துக்கருப்பு, சொத்துத் தகராறு என நான்கு பொருளும் வகைப்பட அமைந்திருந்தன. மந்திரவாதியை அழைக்க ஆள் போயாயிற்று. நான் பொய்யிரை என்பதன் வரையறையை மதில்மேல் எட்டிப் பார்த்தபடி விளக்கினேன். “மீனுக்கா?” என்றார் அந்த வீட்டு அண்ணாச்சி. “கொளத்துல கெடக்க சிலேபிக்குச் செவப்புப் பூடையில மாலை கட்டுதீரா?” என்னைவிட மந்திரவாதி அவர்களுக்கு நம்பத்தக்கவராகத் தோன்றினார். அவர் வந்து, எலுமிச்சம்பழம் அறுத்து, தட்சணை வாங்கி, போகும்போது என்னிடம் தனியாகக் கேட்டார்: “இந்தச் செவப்பு எப்படி ஏத்துனீரு? எங்க சாமானுக்கு வெளுத்துப் போகுது.”

கேசரிப் பொடி என்று சொன்னேன்.

மீனியல்

தூத்தூர்ப் பக்கத்துச் சுறாத் தூண்டில்காரர்கள் இந்த இயலைத் தாண்டிப் போகலாம். அவர்கள் முள்ளுக்கு மீனே இரை. அயிலைக்காக ஒரே தங்கூஸில் வரிசையாக முள் கட்டி, ஒவ்வொன்றிலும் பளபளக்கும் இழை சுற்றி இறக்குகிறவர்கள் என் கட்சி. கணவாய்க்குத் தென்னோலையும் குலையும் கட்டிக் கடலில் இறக்கி நிழல் காட்டி வரவழைக்கிறவர்களும் உண்டு. மணக்குடியில் ஒரு பாட்டா இழையும் இறகும் கட்டுவதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, என் பதினேழு நிற இறகையும் ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

போகுமுன் படித்துவைத்திருந்தேன். கடல்நீர் நிறங்களை வரிசையாக விழுங்குகிறது. முதலில் சிவப்பு; சில பாகம் ஆழத்திலேயே அது கருப்பாகிவிடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். நீலம்தான் ஆழம்வரை போகிறது. எத்தனை நாள் சுண்ணாம்போடு மல்லுக்கட்டினேனோ அந்தச் சிவப்பு கட்டுமரத்துக்குக் கீழே நாலு ஆள் ஆழத்தில் வெறும் கரி. இதைவிடக் கொடுமை கணவாயின் கதை. நொடிக்கொரு நிறம் மாறுகிற அந்த உயிரின் கண்ணில் இருப்பது ஒரே வகை நிறமி. நம்மைப்போல் சிவப்பு பச்சை என்று அதனால் பிரித்தறிய முடியாது. நிறக்குருடு என்றே ஆய்வாளர் சொல்கிறார்கள். வெளிச்சமும் இருட்டும் அசைவும் அதற்குப் போதும்.

பாட்டா பெட்டியைத் திறந்து மஞ்சளை ஒதுக்கினார், நீலத்தை ஒதுக்கினார், ஆலிவை மணந்து பார்த்து ஒதுக்கினார். “ரோஸ் இல்லியா சாரே?”

“ரோஸ் எதுக்குப் பாட்டா?”

“கணவாய்க்கு ரோஸ்தான். வேறெதுவும் தொடாது.”

கணவாய்க்கு நிறமே தெரியாது என்பதை, ஒற்றை நிறமி முதல் ஒளி அலைவரை, ஒரு பாடவேளை அளவுக்கு எடுத்துரைத்தேன். வலை முடைந்துகொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திக் கேட்டார்கள். பாட்டா முழுதும் கேட்டுவிட்டு, காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

“அது கணவாய்க்குத் தெரியுமா சாரே?”

ஒழிபு

வகைக்குள் அடங்காது எஞ்சியவற்றை ஒழிபில் சொல்வது மரபு. எஞ்சியது ஒன்றே.

மருமகன் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன், கடுக்காய்ச் சாற்றில் ஊறிய இறகு ஒரு கைப்பிடி மிச்சமிருந்தது. சருவம் கேசரியில் இருந்தது, எனாமல் குண்டான் அவுரியில். கையில் அகப்பட்டது புறவாசலில் கழுவப் போட்டிருந்த பழைய இரும்புச்சட்டி. அதில் நீர் விட்டு இறகைப் போட்டுப் பாலாடைப் பதத்தில் வைத்துவிட்டு, அயல்வீட்டு மைனிக்குச் சமாதானமாக இளநீர் கொண்டுபோனேன். வந்து பார்த்தால் சட்டியில் டன். மழைக்கு முந்தின தாடகைமலை. மருமகன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கினானோ என்றுகூடச் சந்தேகம். இருந்ததில் நாலு பொய்யிரை கட்டினான்.

போன வாரம் தொலைபேசினான். “மாமா, அந்த டன்ல நாலு கட்டினேம்லா, நாலும் போச்சு. அதே நெறம் இன்னொரு கைப்பிடி ஏத்திப் பாருங்க, செய்முறைய மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க. நான் இங்கயே சேவல் பாத்துக்கிடுதேன்.”

துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் சாம்பல் என்பது விதி. ஆனால் விதிப்படி அன்னபேதி போட்டு ஏழு தடவை செய்தும் கருப்புத்தான் வருகிறது, அல்லது எலிநிறம். அந்தச் சட்டியில் முதல்நாள் ஏதோ புளி விட்டு வைத்திருக்கிறாள். புளி இரும்பை இளக்கி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே விட்டிருக்கிறது. கத்தரிக்காய்த் தீயலா, புளிக்கறியா, மாங்காய்ப் பச்சடியா, எவ்வளவு நேரம் கிடந்தது, கழுவினாளா, அரைகுறையாகக் கழுவினாளா என்பதெல்லாம் அளவில் வரவேண்டும். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றேன். ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக உள்ளே கூப்பிட்டாள், மணை போட்டாள்.

“அன்னைக்கு அந்த இருப்புச்சட்டியில என்ன வச்சே?” என்று கேட்டேன்.

“என்னைக்கு?” என்றாள்.